இடது பக்கம் ஒருத்தன் சும்மா நிப்பான்

ஆகஸ்ட் 12

நடுக்களச் சக்கரவர்த்தியும், எட்டாம் எண் சட்டையின் ஏகபோக உரிமையாளனும், தொண்ணூறு நிமிடம் ஓடினாலும் களைக்காமல் கடிதம் எழுத மட்டும் கை வலிக்கிறவனுமாகிய என் மருமகனுக்கு, பஸ் நிலைய ஒலிபெருக்கியின் உச்சியிலிருந்து உன் மாமன் எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். சுவர்க்கடிகாரத்துக்கு மட்டும் வாதம், பத்து நிமிடம் பின்னால் நடக்கிறது. அங்கே நீயும் உன் இரண்டு கால்களும் சுகமா? கால்களை நான் தனித்தனியாக விசாரித்ததாகச் சொல்.

இப்போது ஒரு கதை சொல்லப்போகிறேன். இருபத்து மூன்று வருடமாக மைக் பிடித்து வயிறு வளர்த்த இந்த வாயின் மீது ஆணையிட்டுச் சொல்கிறேன், இதை ஒருவரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்ப வேண்டாம். கேட்டுக்கொண்டால் போதும்.

போன சனிக்கிழமை உங்கள் ஆட்டம் ரேடியோவில் வந்தது. வர்ணனையாளர் 'எட்டாம் எண்' என்று நாற்பத்தொரு தடவை சொன்னார். கீழ்வீட்டு முடிவெட்டுகிறவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்க வந்தவர், திரும்பிப் போக மறந்துவிட்டார். அவருடைய வாடிக்கையாளர் இன்றுவரை பாதி மீசையோடு அலைகிறார். நீ இடது பக்கம் பாஸ் கொடுத்ததைக் கேட்ட ஒரு பஸ் டிரைவர் உணர்ச்சிவசப்பட்டு இடது பக்கம் வண்டியை ஒடித்துவிட்டார். அவரும் ஐம்பது பயணிகளும் இன்னும் போய்க்கொண்டே இருப்பதாகத் தகவல்.

ஆனால் உன் அம்மா செய்ததற்கு முன்னால் இதெல்லாம் தூசு. வர்ணனையாளர் 'பந்து எட்டாம் எண்ணிடம்' என்று சொல்லி மூச்சு வாங்குவதற்குள் அவள் முகத்தை இடது பக்கம் திருப்பினாள். அதற்குப் பிறகுதான் அந்த ஆள் 'இடதுபுறம்!' என்று கத்தினான். ஒரு தடவை இல்லை, முப்பத்தெட்டுத் தடவை! செய்தி பரவி மூன்று விஞ்ஞானிகளும் ஒரு மந்திரியும் வந்து அவள் கழுத்தை அளந்துகொண்டு போனார்கள்.

கேன்டீன் வேலைக்கு அவள் ஒரு மாதம் லீவு போட்டிருக்கிறாள். சும்மா, ஓய்வுக்குத்தான். உன்னிடம் சொல்லச் சொன்னது: "பந்து வர்றதுக்கு முன்னாடியே ஒரு தடவை திரும்பிப் பாத்துக்கச் சொல்லு. தட்டு தூக்கிக்கிட்டு நடக்குறவளுக்கும் அதேதான்."

பதில் போடு. போடாவிட்டால் உன் பெயரை ஒலிபெருக்கியில் அறிவித்துக் காணாமல் போனவர் பட்டியலில் சேர்த்துவிடுவேன்.

உன் மாமன்


செப்டம்பர் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைக் கோல்கீப்பருக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாவது மாடியில் ஒரே அறையில் நாங்கள் இரண்டு பேர். கோலுக்கு வரும் பந்தையெல்லாம் பிடிக்கிற மனுஷன், தன் குறட்டையைப் பிடிக்க முடியவில்லை. பாதி மீசைக்காரர் எந்தப் பக்க மீசையோடு அலைகிறார் என்று கேட்கச் சொன்னார்.

நாற்பத்தொரு தடவை என்பது பச்சைப் பொய் மாமா. என் நம்பரை ஏழெட்டுத் தடவைக்கு மேல் யாரும் சொல்லமாட்டார்கள். மிட்ஃபீல்டர் வேலை கிட்டத்தட்ட உங்கள் வேலைதான். எந்த பஸ் எங்கே நிற்கிறது, யார் எதில் ஏறவேண்டும் என்று சொல்லிவிட்டு நின்றுகொள்ள வேண்டும். ஏறிப் போகிறவர்கள் வேறு ஆட்கள். பத்தொன்பது வயதில் இந்த கிளப்புக்கு வந்தேன். எட்டு சீசனில் நான் போட்டது மூன்று கோல். அதில் ஒன்று எங்கள் கோலுக்குள்ளேயே போட்டது. அந்த ஒன்றுக்குத்தான் பேப்பரில் படம் வந்தது.

போன வாரம் வலது முட்டி லேசாகப் பிடித்துக்கொண்டது. நாலு நாளில் சரியாகிவிடும். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அம்மா லீவு போட்டாள் என்றால் நம்ப முடியவில்லை. காய்ச்சலோடு கூடத் தட்டு தூக்கினவளாயிற்றே? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? சீசன் முடிந்ததும் வந்து அழைத்துக்கொண்டு வருகிறேன். ஒரு தடவையாவது மைதானத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

உங்கள் மருமகன்


செப்டம்பர் 19

முட்டி பிடித்தாலும் முடி பிடித்தாலும் கலங்காத மாவீரனுக்கு மாமனின் ஆசி.

இடது பக்க மீசை என்று கோல்கீப்பரிடம் சொல்.

உன் அம்மாவின் உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவள் வயிற்றைப் படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார். உள்ளே ஒரு பூசணிக்காய்! சாதாரணப் பூசணி இல்லை, கண்காட்சியில் முதல் பரிசு வாங்குகிற ஜாதி. "இதை அறுவடை செய்ய முடியாது, வேர் எங்கெங்கோ ஓடியிருக்கு" என்றார். நர்ஸ் மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கப் போன வார்டு பாய் மயங்கி விழுந்தான். கடைசியில் நோயாளிகள் எழுந்து ஊழியர்களுக்குத் தண்ணீர் தெளித்தார்கள்.

"உங்க அக்கா நீண்ட பயணம் போற மாதிரி இருக்கு, சீசன் முடியறவரைக்கும் கூடத் தங்கமாட்டாங்க" என்றார் டாக்டர். நான் பஸ் நிலையக்காரன் இல்லையா? "எந்த பஸ்ஸும் என் அறிவிப்பு இல்லாமப் புறப்படாது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் அம்மா உன்னைச் சாப்பாட்டில் குறை வைக்க வேண்டாம் என்கிறாள். மருமகனே, கதைதானே என்று தள்ளிவிடாமல் இதை இரண்டு தடவை படி. மாமனின் கடிதங்களைக் கரும்பு மாதிரி மென்று சாறெடுக்க வேண்டும், சக்கைதான் அதிகம் இருக்கும்.

உன் மாமன்


அக்டோபர் 10

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் சொன்ன மாதிரியே இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் வயிறு வலிக்கச் சிரித்தேன். கோல்கீப்பர் உரக்க வாசிக்கச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் பூசணிக்காய், பூசணிக்காய் என்று இன்றுவரை என்னைக் கூப்பிடுகிறார்கள். அம்மாவுக்கு வாயுத் தொல்லை என்பதை இவ்வளவு ஜோடித்துச் சொல்ல உங்களால்தான் முடியும். மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

நான் நன்றாக ஆடிக்கொண்டிருக்கிறேன். போன சனிக்கிழமை எழுபதாவது நிமிடம் நான் கொடுத்த பாஸில்தான் கோல் விழுந்தது. முட்டி சரியாகிவிட்டது.

எங்கள் ஆட்டங்கள் இப்போது அங்கே ரேடியோவில் வருவதில்லை என்று ஒருவர் சொன்னார். அப்படியா? வராவிட்டால் அம்மா வருத்தப்பட வேண்டாம், நான் எழுதுகிறேன்.

உங்கள் மருமகன்


அக்டோபர் 27

எழுபதாவது நிமிடத்தின் ஏந்தலுக்கு,

இங்கே சுகம். கடிகாரம் இப்போது இருபது நிமிடம் பின்னால்.

உனக்குச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ரேடியோவில் உங்கள் ஆட்டம் வருவதில்லை. பாட்டு, உரம் போடும் முறை, மறுபடி பாட்டு. ஆனால் சனிக்கிழமை மாலை ஆனால் உன் அம்மா விடுவாளா? அதனால் உன் மாமன் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறான். அவள் உள் அறையில் கட்டிலில் படுத்திருப்பாள். மகாராணிகள் உட்கார்ந்துகொண்டா கேட்பார்கள்? ரேடியோ முன் அறையில். முள்ளை இரண்டு நிலையங்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல் வருமே, அதுதான் கூட்டம். நான் ஸ்டீல் டம்ளரை வாயருகே வைத்துக்கொள்வேன், அதுதான் வர்ணனையாளர். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு தொண்ணூறு நிமிடம் ஆட்டத்தை ஓட்டிவிடுகிறேன். இதுவரை நீ பத்தொன்பது கோல் போட்டிருக்கிறாய், வாழ்த்துக்கள்.

ஒரே ஒரு தவறு நடந்தது. பந்து உன் காலுக்கு வந்த வேகத்தில் பழக்க தோஷம், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, எட்டாம் எண் இடதுபுறம் புறப்படத் தயாராக உள்ளது" என்று சொல்லிவிட்டேன். உள் அறையில் சத்தமே இல்லை. கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

நடுவில் இரண்டு நாள் லீவு கொடுக்கமாட்டார்களா உனக்கு? சும்மா கேட்டேன்.

உன் மாமன்


நவம்பர் 22

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் தாமதம், மன்னிக்கவும். நலம்.

இப்போது லீவு கேட்க முடியாது. கோச் புதியவர், கேட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்வார். அறையை மாற்றிவிட்டார்கள், தரைத்தளம். ஜன்னலைத் திறந்தால் பயிற்சி மைதானம் தெரிகிறது. விசில் சத்தம் கேட்டால் எந்தப் பயிற்சி என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

இதோடு ஒரு பார்சல் அனுப்புகிறேன். போன சனிக்கிழமை ஆட்டத்தில் நான் போட்டிருந்த சட்டை. துவைத்துத்தான் அனுப்புகிறேன். அம்மாவிடம் கொடுங்கள்.

அம்மா ஏன் ஒன்றும் சொல்லி அனுப்புவதில்லை? முன்பு கடிதத்துக்கு ஒரு வரியாவது இருக்குமே.

உங்கள் மருமகன்


டிசம்பர் 3
(தபால்தலை ஒட்டியது. தபாலில் போடவில்லை.)

மருமகனே,

இதில் ஒரு பொய்யும் எழுதப்போவதில்லை. அதனால் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அக்காவின் வயிற்றில் இருப்பது கட்டி. செப்டம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். அறுத்துப் பயனில்லையாம். ஜனவரியைத் தாண்டினால் ஆச்சரியம் என்று டாக்டர் சொன்னார், கண்ணாடியைக் கழற்றாமல்தான் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலிலேயே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சீசன் முடியறவரைக்கும் அவன்கிட்ட மூச்சு விடக்கூடாது. ஆடுற காலைப் பிடிச்சு இழுத்த பாவம் எனக்கு வேணாம். சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன். அன்று எழுதிய பூசணிக்காய்க்குள் உண்மையை ஒளித்துவைத்து அனுப்பினேன். நீ கண்டுபிடித்துவிட்டால் நான் சொன்னதாக ஆகாதே என்று பார்த்தேன். நீ சிரித்துவிட்டாய். உன்மேல் தப்பில்லை. இத்தனை வருடம் உன்னைச் சிரிக்கப் பழக்கியவன் நான்.

நீ ஆடவில்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் ஆட்டம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ரேடியோவில் வருகிறது. செப்டம்பரிலிருந்து உன் இடத்தில் பதினாறாம் எண். முதல் வாரம் அக்காவிடம் "லைன் சரியில்லை" என்றேன். அடுத்த வாரம் டம்ளரை எடுத்தேன்.

உன்னைக் கூப்பிட வேண்டுமென்றால் அவளுக்குச் செய்த சத்தியத்தை உடைக்க வேண்டும். சத்தியத்தை உடைக்க வேண்டுமென்றால் "அவன் ஆடவே இல்லை அக்கா, வந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது" என்று அவளிடம் சொல்ல வேண்டும். சாப்பாடு இறங்குவதில்லை, தூக்கம் இல்லை, அவளுக்கு மிச்சம் இருப்பது சனிக்கிழமை மாலை மட்டும்தான். அதையும் நான் பிடுங்கவா?

வா. நொண்டிக்கொண்டாவது வா.

மாமா


டிசம்பர் 3

அகில உலக நடுக்களத்தின் ஒரே அதிபதிக்கு,

சட்டை வந்து சேர்ந்தது. அதைப் பார்க்க வந்த கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு மூன்று நாள் போக்குவரத்து இல்லை. உன் அம்மா தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். சொல்லி அனுப்ப ஒன்றும் இல்லையாம், "நல்லா இருக்கானாமா?" என்று மட்டும் கேட்கிறாள்.

இன்னொரு செய்தி. பஸ் நிலையத்தில் புதிதாக ஒரு வண்டி விட்டிருக்கிறார்கள். உன் ஊரில் புறப்பட்டு நேராக நம் வீட்டு வாசலில் நிற்கும். நடுவில் எங்கேயும் நிற்காது. ஒரே ஒரு சீட். தினமும் காலியாகவே வந்து காலியாகவே போகிறது. அதை மட்டும் நான் இரண்டு தடவை அறிவிக்கிறேன். ஒரு நாள் ஏறிப் பாரேன்.

உன் மாமன்


டிசம்பர் 27

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் ஒற்றை சீட் பஸ்ஸில் சீக்கிரமே ஏறுகிறேன்.

ஜனவரி 17 சனிக்கிழமை ஒரு முக்கியமான ஆட்டம் இருக்கிறது. அது முடிந்ததும் மறுநாளே கிளம்பிவிடுவேன், கோச்சிடம் பேசிவிட்டேன். அன்றைக்கு மட்டும் எப்படியாவது உண்மையான ரேடியோவில் கேட்க முடியுமா பாருங்கள். யார் வீட்டிலாவது, எந்த நிலையத்திலாவது வரலாம். ஒரு தடவையாவது என் நம்பர் கேட்கும். அம்மாவை அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வரும்போது நேராக நடந்து வருவேன்.

'நேராக' என்று ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. தூக்கக் கலக்கம்.

உங்கள் மருமகன்


பிப்ரவரி 8

மாமாவுக்கு,

அங்கே இருந்த ஐந்து நாளும் உங்களோடு ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை.

ஜனவரி 12, திங்கட்கிழமை காலை. முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளப் ஆபீஸில் டைப் அடிக்கிற பெண்மணி வாசலில் வந்து நின்றார். "வீட்டிலிருந்து போன், உங்க மாமாவாம். ஆனா அதுக்கு மேல அவர் ஒண்ணுமே பேசமாட்டேங்கறார்" என்றார். நீங்கள் பேசவில்லை என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

கிளம்புவதற்கு முதல்நாள் அம்மாவின் கண்ணாடியைத் தேடி ரேடியோவுக்கு அடியில் இருக்கிற டிராயரைத் திறந்தேன். டிசம்பர் 3 கடிதம் இருந்தது. ஸ்டாம்ப் ஒட்டியிருந்தது மாமா. ஸ்டாம்ப் ஒட்டின மனுஷனுக்கு தெருமுக்குத் தபால்பெட்டி வரைக்கும் நடக்க முடியவில்லையா? ஊரெல்லாம் எந்த பஸ் எப்போது புறப்படும் என்று கத்திச் சொல்கிறவருக்கு, என் அம்மா புறப்படுகிற நேரத்தை எனக்குச் சொல்ல வாய் வரவில்லையா?

மேலே எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன். உங்களைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

செப்டம்பர் 2-ல் 'லேசாகப் பிடித்துக்கொண்டது' என்று எழுதியபோதே முட்டி ஜவ்வு அறுந்துவிட்டிருந்தது. பூசணிக்காய்க் கடிதம் என் கைக்கு வந்தபோது ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கோல்கீப்பர் பார்க்க வந்திருந்தார். 'பக்கத்தில் இருந்தவர்கள்' என்று எழுதினேனே, அவர்கள் கால் உடைந்தவர்கள், கை உடைந்தவர்கள். என் அம்மா சாகப்போகிறாள் என்ற செய்தியை உரக்க வாசித்து ஒரு வார்டையே சிரிக்க வைத்தவன் நான். ஒரு கிழவருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

பிறகு எழுதியதெல்லாம் பொய். பதினேழாம் தேதி ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் இறக்குவதாகக் கோச் சொல்லியிருந்தார். பத்து நிமிடம் ஆடிவிட்டு, நேராக நடந்து, அவள் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன். ஐந்து நாள் பிந்திவிட்டது.

கிளப்பில் கணக்கை முடித்துவிட்டார்கள். இனி ஆட முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். எட்டாம் எண்ணை அந்தப் பதினாறாம் எண் பையனுக்கே கொடுத்திருக்கிறார்கள். நல்ல ஆட்டக்காரன். திரும்பிப் பார்க்காமல்தான் பந்தை வாங்குகிறான், போகப் போகப் பழகிக்கொள்வான்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். பூசணிக்காய் இல்லாமல், மந்திரி இல்லாமல், உள்ளதை உள்ளபடி. நான் ஆடவில்லை என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்கிறேன். கதை மட்டும் வேண்டாம்.


பிப்ரவரி 24

மருமகனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. கடிகாரம் நின்றுவிட்டது, நான் சாவி கொடுக்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன், சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன்.

நீ கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம். ஆனால் ஒரு வரி எழுத எனக்கு வராது.

ஜனவரி 10, சனிக்கிழமை. நம் வீட்டு முன் அறையில் அன்று தொண்ணூறாயிரம் பேர். வாசல்படியில் மட்டும் நாலாயிரம் பேர், கொடிக்கம்பியில் துணி மாதிரி இருநூறு பேர் தொங்கினார்கள். ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. டம்ளரை எடுத்தேன். அவள் மூச்சு விடும் சத்தம் முன் அறை வரை கேட்டது, இதுதான் கடைசிச் சனிக்கிழமை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் உன் தொழில் வாழ்க்கையிலேயே இல்லாத ஒரு கோலைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். பாதி மைதானத்திலிருந்து பந்தோடு கிளம்பினாய். எதிரணியில் பதினொரு பேரையும் தாண்டினாய். தாண்டினது போதாதென்று திரும்பி வந்து மறுபடி பதினொரு பேரையும் தாண்டினாய். நடுவரைத் தாண்டினாய். கோல்கீப்பர் அழுதுகொண்டே ஒதுங்கி வழிவிட்டார். காலைத் தூக்கினாய். தொண்ணூறாயிரம் பேர் மூச்சைப் பிடித்தார்கள். அடித்தாய்! வலை கிழிந்து, பந்து பஸ் நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டது. உள் அறையில் உன் அம்மா எழுந்து உட்கார்ந்து கைதட்டினாள். "என் பிள்ளை, என் பிள்ளை" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். ஒன்றும் தெரியாமல், நிம்மதியாக...

இதுவரை எழுதிவிட்டு இரண்டு நாள் மேஜைமேல் வைத்திருந்தேன். இதையே தபாலில் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. ஸ்டாம்ப் ஒட்டினேன். அந்த ஸ்டாம்பைப் பார்த்ததும் உன் கடிதம் ஞாபகம் வந்தது. மேலே உள்ளதில் நீ காலைத் தூக்கியது வரைக்கும் நான் டம்ளரில் சொன்னது. அதற்குப் பிறகு வந்த கோல், கைதட்டல் எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படி. அவளால் கையைத் தூக்கவே முடியவில்லை.

நடந்தது இதுதான். நீ காலைத் தூக்கிய இடத்தில் உள்ளேயிருந்து "டேய்" என்றாள். அவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டும் தொண்ணூறாயிரம் பேரும் ஒரே நொடியில் காணாமல் போய்விட்டார்கள். டம்ளரோடு உள் அறை வாசலில் போய் நின்றேன்.

"பொய் சொல்றதும் சொல்ற, ஒழுங்கா சொல்லு" என்றாள். "அவன் எங்கடா கோல் அடிப்பான்? இடது பக்கம் ஒருத்தன் சும்மா நிப்பான். அவனுக்குக் குடுப்பான்."

என் கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "எப்பலேருந்து தெரியும் அக்கா?" என்றேன்.

"எட்டாம் எண் புறப்படத் தயாரா இருக்குன்னியே, அன்னிலேருந்து. அப்புறம் இது." பக்கத்தில் இருந்த சட்டையின் மடிப்பை நகத்தால் நீவிக் காட்டினாள். கடையில் மடித்த மடிப்பு, ஊசி குத்தின ஓட்டை கூட அப்படியே இருந்தது. ஒரு தடவை கூடத் தண்ணீர் படாத சட்டை. துவைத்து அனுப்புகிறேன் என்று நீ எழுதியதை நான்தானே அவளுக்கு வாசித்தேன்?

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? அன்னிக்கே வரச் சொல்லியிருப்பேனே!" கத்திவிட்டேன் மருமகனே. படுத்திருக்கிறவளிடம் கத்தினேன்.

"ஆடலன்னா கால்ல அடிதான். நொண்டிக்கிட்டு வந்து என் முன்னாடி நிக்க அவனுக்குப் பிடிக்காதுடா. நேரா நடக்கறப்ப வரட்டும்" என்றாள். பிறகு டம்ளரைப் பார்த்து, "நீ வேற வாரா வாரம் அவ்ளோ கஷ்டப்பட்டுச் சொல்லிக்கிட்டு இருந்த" என்றாள்.

மூன்று பேர் இருக்கிற குடும்பத்தில் மூன்று பேரும் மற்ற இருவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். கடைசியில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த டிசம்பர் மூன்றாம் தேதி பெட்டிவரை நடந்துவிட்டு, அந்தக் கடிதத்தை மட்டும் அப்படியே கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அதற்கு மட்டும் என்னிடம் ஒரு கதையும் இல்லை.

அறையைக் காலி செய்ததும் இங்கே வா. என்ன செய்யப்போகிறாய் என்று நான் கேட்கமாட்டேன், தெருவிலும் யாரையும் கேட்கவிடமாட்டேன். நொண்டிக்கொண்டே வா. இந்த வீட்டில் அதைப் பார்க்க இனி நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

உன் மாமன்

பி.கு.: அன்றைக்கு அவள் சொன்னபடியே ஆட்டத்தைத் திருத்திச் சொன்னேன், டம்ளர் இல்லாமல், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. "பந்து எட்டாம் எண்ணிடம்" என்றேன். அடுத்த வார்த்தை எனக்கு வரவில்லை. வருவதற்குள் அவள் முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் சுவர்தான். அப்படியே தூங்கிப்போனாள்.

என் முதல் கடிதத்தில் எழுதியிருந்தேனே, பாதி மீசைக்காரர் பொய். தொலைந்துபோன டிரைவர் பொய். நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, மந்திரி எல்லாம் சுத்தப் பொய். அந்த ஆள் இடதுபுறம் என்று சொல்வதற்கு முன்னால் அவள் முகத்தைத் திருப்பினாள் என்று ஒரு சின்ன விஷயம் இருந்ததே, அது மட்டும் நிஜம். ஒரே ஒரு தடவைதான். ஆனால் நிஜம்.